அரை மெகாபைட் தகராறு

நேற்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உரிய நேரத்தில் உறங்காததற்கு, நொடிக்கு அரை மெகாபைட்டுக்குச் சற்று மேற்பட்ட ஒரு வித்தியாசமே காரணம். புதிதாக வந்திருக்கும் 100 மெகாபிட் இணைப்பில் பெரியம்மா தம் பேத்தியின் நடனக் காணொளியை இறக்கிக்கொண்டிருந்தார். திரையோ வேகம் 11.3 என்று காட்டியது. "நூறு தருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றுதான் தருகிறார்கள் என்றால், மிச்சத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?" என்று அவர் கேட்டது மிகவும் நியாயமான கேள்வி. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற பெரியப்பாவும், கணினித் துறையில் இன்னும் ஓய்வு பெறாத என் தம்பியும் ஒரே கூடத்தில் இருக்கும்போது அதைக் கேட்டதுதான் வினை.

நிறுவனம் பிட்டில் விற்கிறது, திரை பைட்டில் காட்டுகிறது, பைட்டுக்கு எட்டு பிட், எனவே நூறை எட்டால் வகுக்க வேண்டும் என்பது வரையில் இருவருக்கும் சண்டையில்லை. வகுத்து முடித்ததும் பெரியப்பா 12.5 என்றார்; அதே மூச்சில் தம்பி 11.92 என்றான். பெரியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியப்பாவுக்கு மெகா என்றால் பத்து லட்சம்; அதில் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தம்பிக்கு அது 10,48,576. கணினியின் நினைவகம் இரண்டின் அடுக்குகளில் அமைந்திருப்பதால் அவனுடைய கிலோ 1024-இல் தொடங்குகிறது; மெகா அதன் 1024 மடங்கு. "குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டில் எழுதினால் 64,000 பிட். அதைத்தான் 64 கிலோபிட் என்கிறோம். இதில் உன் 1024 எங்கே நுழைகிறது?" என்றார் பெரியப்பா. தம்பி அசரவில்லை. "பல தொலைபேசி அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் உங்கள் ஈ-1 தடத்தின் வேகம் 2.048 மெகாபிட்தானே? 2048 என்பது 1024-இன் இரு மடங்கு ஆயிற்றே!" என்றான்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஓய்வு பெற்ற நாள்முதல் காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. ஈ-1 தடத்தில் 32 அறைகள். அறைக்கு 64 கிலோபிட். ஆக 2048 கிலோபிட், ஒவ்வொரு கிலோவும் கறாராக ஆயிரம், மொத்தம் 20,48,000 பிட். முப்பது அறைகளில் குரல், ஓர் அறையில் ஒத்திசைவு, 16-ஆம் எண் அறையில் அழைப்புச் சைகைகள் என்று அவர் விரித்துரைக்கத் தொடங்கியபோது, அந்த 16-ஆம் அறையைப் பற்றி முன்பே நிறையக் கேட்டிருக்கும் நாங்கள் மெல்ல நகர்ந்து அமர்ந்தோம். அங்கிருந்து அமெரிக்கர்களின் டி-1 தடத்துக்குத் தாவினார். "24 பேருக்கு எட்டெட்டு பிட்டாக 192. இந்தத் தொகுப்பு, அதாவது சட்டகம், எங்கே தொடங்குகிறது என்று அறிய இன்னும் ஒரே ஒரு பிட். அந்த 193-ஆவது பிட்டை எந்தப் பைட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பாய்?"

இந்த இடத்தில் நான் பெரியப்பாவின் கட்சி. கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகின்றன. அவற்றைப் பைட்டுகளாகக் கட்டுவது இரு முனைகளிலும் இருப்பவர்களின் வசதி. எட்டு மடங்கு பெரிய எண்ணை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு நிறுவனங்களுக்குக் கசக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தம்பியை உண்மையில் வீழ்த்தியது பழைய ஃபிளாப்பி. 1.44 மெகாபைட் என்று அச்சிட்டு விற்ற அந்தத் தகட்டின் கொள்ளளவு 14,74,560 பைட். அதாவது 1440-ஐ 1024-ஆல் பெருக்கியது. அதன் மெகா பத்து லட்சமும் அன்று, 10,48,576-உம் அன்று. ஆயிரத்தையும் 1024-ஐயும் பெருக்கிப் பிறந்த மூன்றாவது மெகா. "உங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று மெகா ஓடுகிறது, என் வீட்டுக்குக் கணக்குப் பார்க்க வந்துவிட்டாய்" என்றார் பெரியப்பா. 1024-இன் அடுக்குகளுக்கென்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இலேயே மெபிபைட் முதலிய தனிப் பெயர்களை வகுத்துக் கொடுத்துவிட்டது. தான் அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவதாகத் தம்பி முணுமுணுத்தான். திரையில் அதைப் போடாதவர்களைச் சொல்ல வேண்டும்.

திரை காட்டியது 12.5-உம் இல்லை, 11.92-உம் இல்லை என்பதை இதற்குள் இருவரும் மறந்திருந்தார்கள், பெரியம்மா மறக்கவில்லை. அதை அவர் நினைவூட்டியதும் பகை மறைந்தது. ஒரே தாளின் மேல் இருவரும் குனிந்தார்கள். காணொளி துண்டு துண்டாகத்தான் வருகிறது; அந்தத் துண்டான ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடத்தை அடைக்கிறது; அதில் சரக்கு 1460 மட்டுமே. 11.92-ஐ அந்த விகிதத்தால் குறைத்தால் 11.3. நிறுவனம் ஒரு பிட்டைக்கூடத் திருடவில்லை என்று கூட்டறிக்கை வெளியாயிற்று. இரண்டு ஜிகாபைட் காணொளி மூன்றே நிமிடத்தில் இறங்கிவிட்டிருந்ததால், பெரியம்மா அதற்குள் பேத்தியின் நடனத்தை முழுதும் பார்த்து முடித்திருந்தார்.

பிறகு அதைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னவர், செருகியதும் கேட்டார்: "மேலே 32 ஜிகாபைட் என்று எழுதியிருக்கிறது, உள்ளே 29.8 என்று காட்டுகிறதே?"

தம்பி பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, இது தம் துறையைச் சேர்ந்ததல்ல என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.