பாட்டியின் முழங்கால்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் விடாத மழை. வீட்டில் அடைந்து கிடந்து பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் பாட்டி ஒருவரைச் செய்தேன். தோளில் காண்டா என்கிற காவுதடி, இரு பக்கமும் வாளி. நடக்க விட்டதும் முழங்கால் கொக்கு மாதிரி பின்பக்கம் மடங்கிவிட்டது!

உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் கால் எலும்புகளை நேர்க்கோடாக வைத்ததுதான் தப்பு. ஐகே (பாதத்தை நகர்த்தினால் முழங்காலைத் தானே மடக்கும் முறை) போட்டால் எந்தப் பக்கம் மடக்குவது என்று அதற்குத் தெரியாது. எடிட் மோடில் முழங்கால் மூட்டை மட்டும் ஒரு நூல் முன்னே இழுத்தேன், சரியாகிவிட்டது. முழங்கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டும் போல் டார்கெட்டும் முழங்காலுக்கு நேர் முன்னே இருக்கட்டும்.

அப்புறம் கைலி. கால் தூக்கினால் வயிறும் கூடவே வந்தது. எந்த எலும்பு எந்த இடத்தை எவ்வளவு இழுக்கிறது என்று நிறத்தில் காட்டும் வெயிட் பெயின்டில் (சிவப்பு முழுதாக, நீலம் இல்லவே இல்லை) பார்த்தால் தொடை எலும்பின் சிவப்பு இடுப்பைத் தாண்டி ஏறியிருக்கிறது. நீலமாகும்வரை தேய்த்தேன். அலுப்பான வேலை, வேறு வழியில்லை.

நடைக்கு 24 ஃப்ரேமில் இரண்டு காலடி. வாளிகளை மூன்று ஃப்ரேம் பிந்தி ஆடவிட்டேன், கனம் தெரியட்டும் என்று. தோட்டத்தில் மரம் வெட்டிய அம்மா எட்டிப் பார்த்தார்.

“பால் நெறஞ்ச வாளி இப்படியா ஆடும்? சிந்துனா கிராணி சும்மா விடுவாரா?”

கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.