டப்பென்று நின்ற பேஸ்

காரில் பாட்டு ஏறி வரும் நேரத்தில் பேஸ் டப்பென்று நின்றது. டிக்கியில் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயர்) சிவப்பு விளக்கு மட்டும். புரொடெக்ட்: தன்னைக் காத்துக்கொள்ள ஆம்ப் தானே நின்றுவிட்டது.

நாலு சேனல் ஆம்ப். முன்கதவு ஸ்பீக்கர்கள் 1, 2-ல். 3, 4-ஐ பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, பேஸுக்கான சப்வூஃபர். அதுவரை சரி.

கோளாறு சப்பில் இருந்தது. அதற்குள் இரண்டு காயில் (கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம், பேரலலாக இணைத்திருந்தார்கள். மொத்தம் 2 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் அதில் பாதி, 1 ஓம்தான் தெரியும். பெரும்பாலான நாலு சேனல் ஆம்ப்கள் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

முதல் காயிலின் மைனஸை இரண்டாவதன் பிளஸ்ஸோடு சேர்த்து சீரீஸாக்கினால் 8 ஓம். சத்தம் குறையும், ஆம்ப் பிழைக்கும்.

முழு பவர் வேண்டுமா? இரட்டை 2 ஓம் சப், சீரீஸில். சரியாக 4. கடையில் யார் இதைக் கேட்கிறார்கள், "எத்தனை இஞ்ச்?" என்பதோடு சரி.

மல்டிமீட்டரில் 4 ஓம் காயில் 3.5 பக்கம் காட்டும். பயப்பட வேண்டாம்.

இன்னொன்று: மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஆம்ப் பக்கம் மட்டும் போட்டால், வழியில் பாடியில் உரசும் வயருக்குக் காவலே இல்லை.