ஏ பிளஸ் தேர்வுக்கு என்னைத் தயார் செய்த வைஃபை கார்டு

கணினிப் பழுதுபார்ப்பு, டெக்னிக்கல் சப்போர்ட் வேலைகளுக்கான சான்றிதழ் காம்ப்டியா ஏ பிளஸ். அதன் கோர் 1 தேர்வில் (220-1201) தேறிவிட்டேன். தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் புத்தகம், எந்த வீடியோ என்றுதான். புத்தகம் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாடத்தில் பெரும்பகுதி எனக்குப் பிடிபட்டது என் பழைய லேப்டாப்பைத் திறந்து வைஃபை கார்டை நானே மாற்றியபோதுதான். அந்த வேலையை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், தேர்வில் அது எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். மதிப்பெண் 100 முதல் 900 வரை. 675 எடுத்தால் தேர்ச்சி. மொபைல் கருவிகளுக்கு 13 சதவீதம், நெட்வொர்க்கிங்குக்கு 23, ஹார்டுவேருக்கு 25, விர்ச்சுவலைசேஷன், கிளவுடுக்கு 11, பழுது கண்டறிதலுக்கு 28. லேப்டாப்பில் வைஃபை கார்டு மாற்றும் வேலை ஒன்றே இதில் கிளவுடைத் தவிர மற்ற நான்கையும் தொடும். முந்தைய 220-1101 தேர்வு 2025 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கிறவர்கள் புதிய பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப் ரைசன் பிராசசர் உள்ளது; இன்டெல் அல்ல, ஏஎம்டி. வீட்டு ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேலை செய்தது, போனில் தெரிந்தது, லேப்டாப்பில் மட்டும் அந்த நெட்வொர்க்கின் பெயரே வரவில்லை. ரவுட்டர் பழுதென்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' (netsh wlan show drivers) என்று கொடுத்துப் பார்த்தேன். கார்டு எந்தெந்த ரேடியோ வகைகளை ஏற்கும் என்று அதில் ஒரு வரி வரும். என்னுடையது பி, ஜி, என் என்ற மூன்று வைஃபை தரங்களோடு நின்றுவிட்டது. 802.11என் தரம் 2.4, 5 இரண்டிலும் இயங்கக்கூடியதுதான். ஆனால் மலிவு கார்டுகள் பலவற்றில் 2.4 ரேடியோ மட்டுமே இருக்கும். தரம் வேறு, கையில் இருக்கும் கார்டு வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, புதுக் கார்டு வாங்குவோம் என்று சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் ஏறி இறங்கினேன். வைஃபை 6 வேண்டும், இன்டெல் வேண்டும், இவ்வளவுதான் மனதில் இருந்தது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் இருந்தன. எண் கூடுதலாக இருந்ததால் 201 புதியதாகத்தான் இருக்கும் என்று அதைக் கேட்டு வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் ஒன்றுமே இல்லை. வைஃபையும் இல்லை, புளூடூத்தும் இல்லை. கழற்றி மாட்டினேன், டிரைவரை மூன்று முறை நிறுவினேன். அசையவில்லை.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். "பிராசசர் என்ன தம்பி?" என்றார். ரைசன் என்றேன். "அப்போ இது ஓடாது. இது பாதிக் கார்டு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஏஎக்ஸ்201 சிஎன்விஐ என்ற முறையில் இயங்குவது. வைஃபை வேலையின் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. கார்டில் இருப்பது பெரும்பாலும் ரேடியோ பகுதி மட்டும். அந்த முறையை ஏற்கும் இன்டெல் பிளாட்ஃபார்ம் இருந்தால்தான் அது உயிர் பெறும். ஏஎக்ஸ்200 முழுக் கார்டு. வைஃபைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ், புளூடூத்துக்கு யுஎஸ்பி என்று வழக்கமான பாதைகளில் பேசும். அதனால் ரைசனிலும் ஓடும். அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான்: ஏஎக்ஸ்210 முழுக் கார்டு, ஏஎக்ஸ்211 சிஎன்விஐ. எல்லாமே எம்.2 வடிவம், 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் 2230 என்கிறார்கள். பள்ளம் பொருந்துவதால் கார்டு பொருந்திவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. எம்.2 'கீ', அதாவது கார்டின் முனையில் வெட்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும் எழுத்து, அதைப் பற்றிய பாடத்தை நான் ஐந்து முறை படித்திருப்பேன். வைஃபை கார்டுக்கு ஏ, ஈ; எஸ்எஸ்டிக்கு பி, எம். அண்ணனுடைய அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அது மறக்கவே இல்லை.

இரண்டாவது முறை ஏஎக்ஸ்200 வாங்கிச் சரியாகச் செய்தேன். அதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் கஷ்டப்படுகிறார்கள்.

பழைய கார்டைக் கழற்றுவதற்கு முன்பே புதிய கார்டின் டிரைவர்களைத் தரவிறக்கிப் பென் டிரைவில் போட்டு வையுங்கள். வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. மறந்துவிட்டாலும் பதற வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் வைஃபை இல்லாமலே இணையம் கிடைக்கும். நான் அப்படித்தான் சமாளித்தேன்.

விண்டோஸை ஷிஃப்ட் அழுத்தியபடி ஷட் டவுன் செய்யுங்கள். இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக முழுதாக அணையாது. சார்ஜரை எடுத்துவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதுதான் முதல் வேலை. பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் விடுங்கள். நிலை மின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் காக்கும் ஈஎஸ்டி ஸ்ட்ராப் இருந்தால் கையில் கட்டிக்கொள்ளுங்கள். கார்பெட் மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

கார்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ. அதை எடுப்பதற்கு முன் ஆன்டெனா ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற ஒயர் மெயின் (முதன்மை), எது ஆக்ஸ் (துணை) என்பது மாடலுக்கு மாடல் மாறும். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் நெம்பியை அடியில் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். பழைய மினி பிசிஐஇ கார்டுகளில் இருந்த யு.எஃப்.எல் கனெக்டரே ஏறத்தாழ 30 முறை மாட்டிக் கழற்றத்தான் உத்தரவாதம் உள்ளது. எம்.2 கார்டில் வருவது அதைவிடச் சிறிய எம்ஹெச்எஃப்4. ஒன்றின் ஒயர் மற்றதில் ஏறாது. மாட்டும்போது கனெக்டரைச் சரியாக மேலே வைத்து விரலால் நேர்க்கோட்டில் அழுத்தினால் 'டக்' என்று ஒரு உணர்வு வரும். அது வராமல் மூடியை மூடாதீர்கள். எனக்கு ஒரு ஒயர் சரியாக உட்காரவில்லை. வைஃபை வேலை செய்தது, ஆனால் ரவுட்டர் பக்கத்திலேயே சிக்னல் குறைவு, வேகம் பாதி. திரும்பத் திறந்து அழுத்திய பிறகுதான் சரியானது.

அந்த ஒயர்கள் எங்கே போகின்றன என்று கையால் தடவிப் பாருங்கள். கீல் வழியாக மேலேறித் திரையின் ஓரத்துக்குப் போகும். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையைச் சுற்றியே இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு, திரை மாற்றிய பிறகு வைஃபை பலவீனமானால் எங்கே தேட வேண்டும் என்பது மனப்பாடம் செய்யாமலே தெரியும்.

பழைய மாடல்கள் சிலவற்றில் இன்னொரு தடை உண்டு. தயாரிப்பாளர் அனுமதித்த கார்டுகளை மட்டும் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) ஏற்கும். வேறு கார்டு போட்டால் இயந்திரம் பூட் ஆகாமல் எச்சரிக்கையோடு நின்றுவிடும். வாங்கும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

கார்டை மாட்டியும் இணையம் வராவிட்டால் கீழிருந்து மேலே போங்கள். டிவைஸ் மேனேஜரில் இருக்கிறதா? மஞ்சள் குறி இருந்தால் டிரைவர் கோளாறு. பெயர் தெரியாத கருவியாக இருந்தால் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், டிவைஸ் எண் 2723 என்றால் ஏஎக்ஸ்200. எல்லாம் சரி, நெட்வொர்க் பட்டியல் மட்டும் காலி என்றால் ஏர்பிளேன் மோடையும் கீபோர்டில் உள்ள வைஃபை சாவியையும் பாருங்கள். பட்டியல் வருகிறது, இணைந்தும்விட்டது, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் வைஃபை அறுந்தால் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் அமைப்பைப் பாருங்கள். நான் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்து, அறிகுறியை நோட்டில் எழுதி, பிறகு சரிசெய்தேன். ஒரு ஒயரைக் கழற்றி, டிரைவரை நீக்கி, ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்து. பழுது கண்டறிதலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

தரங்களின் அட்டவணை மனப்பாடம்தான், தப்பிக்க வழியில்லை. பி 2.4இல் நொடிக்கு 11 மெகாபிட், ஏ 5இல் 54, ஜி 2.4இல் 54, என் இரண்டிலும், ஏசி 5இல் மட்டும், ஏஎக்ஸ் (வைஃபை 6) இரண்டிலும், 6ஈ வந்தால் 6 கிகாஹெர்ட்ஸும் சேரும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11.

தேர்வு அறையில் வந்த கேள்விகளைச் சொல்லமாட்டேன். வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினேன். நீங்களும் 'டம்ப்' (கசிந்த கேள்வித் தொகுப்பு) தேடி அலையாதீர்கள். பொதுவாகச் சொல்ல முடிந்தது இது: செய்துகாட்டும் வகைக் கேள்விகள் தொடக்கத்திலேயே வரும், நேரத்தைத் தின்னும். குறியிட்டுத் தாண்டிவிட்டு, கடைசியில் திரும்பி வாருங்கள். நான் முதல் கேள்வியில் ஏழெட்டு நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் ஓட வேண்டியதாயிற்று. 'ஃபர்ஸ்ட்', 'பெஸ்ட்', 'மோஸ்ட் லைக்லி' என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் அங்கே நில்லுங்கள். நான்கு விடையுமே சரியானவை போலத் தோன்றும். எதை முதலில் செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. கார்டை மாற்றுவதற்கு முன் ஏர்பிளேன் மோடைப் பார்க்கிறவர் அதில் தவறமாட்டார்.

அந்த ஏஎக்ஸ்201 கார்டை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். சில வாரம் கழித்து வைஃபை செத்துப்போன பத்தாம் தலைமுறை இன்டெல் லேப்டாப் ஒன்று அவர் கடைக்கு வந்தது. என்னைக் கூப்பிட்டு, "நீயே மாட்டு" என்றார். இந்த முறை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதற்கு முன்பே பிராசசரைப் பார்த்துவிட்டேன்.