“ஒன்றும் மாறாதும்மா, குரல் நாண் பக்கமே போக மாட்டார்கள்”

டான்சில் அறுவைக்கு முன்னால் அந்தப் பாடகி “குரல் மாறுமா மேடம்?” என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

சொன்னதில் பொய் இல்லை. டான்சில்கள் நாக்கின் பின்புறம், தொண்டையின் இரு பக்கமும் இருப்பவை. குரல் நாண்கள் அதற்கும் கீழே, குரல்வளைக்குள். ஆறி முடிந்து வந்தவள், “சுருதி நிற்குது மேடம், ஆனா இந்த ‘ஆ’ என்னோடது இல்ல” என்றபோதும் நான் இதையேதான் பிடித்துக்கொண்டேன். நாண்கள் சீராக மூடுகின்றன, என் காதுக்கு வித்தியாசமும் கேட்கவில்லை.

ஆனால் நாண்கள் தருவது வெறும் ரீங்காரம் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருபவளே நான்தான். அதை ‘ஆ’வாகவும் ‘ஈ’யாகவும் ஆக்குவது அங்கிருந்து உதடு வரை உள்ள வழி, வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 செ.மீ., பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. அது எங்கே குறுகுகிறது, எங்கே அகல்கிறது என்பதைப் பொறுத்துச் சில அதிர்வெண்கள் எடுப்பாகும், சில அமுங்கும். ‘ஈ’க்கு நாக்கு முன்னால் எழும்பும், ‘ஆ’வுக்கு அதன் வேர் பின்வாங்கித் தொண்டையைக் குறுக்கும். பெரிய டான்சில்கள் இரண்டும் அடைத்துக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட அந்த இடத்தைத்தான். அவற்றோடு சேர்த்துத்தானே அவள் இத்தனை வருடம் நாக்கைப் பழக்கியிருப்பாள்? எனக்குக் கேட்காதது உள்ளிருந்து கேட்கிற அவளுக்குக் கேட்டிருக்கலாம்.

சரி, சொல்லியிருந்தால்? அடிக்கடி காய்ச்சலும் தொண்டை வலியுமாகக் கிடந்தவள், பயந்துபோய் அறுவையைத் தள்ளிப்போட்டிருப்பாள். அதனால்தான் சுருக்கமாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்கிறேன். உண்மையில் அப்போது அப்படி யோசித்தேனா?

“அப்பவே உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். நான் ஸ்ட்ராவை எடுத்துக் கொடுத்தேன். அதன் வழியே ஊதிக்கொண்டே ஒலியெழுப்பினால் உள்ளே அழுத்தம் கூடி, நாண்கள் குறைந்த சிரமத்தில் அதிரும். நல்ல பயிற்சிதான், ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், கொஞ்சம் மாறலாம், பழக நாளாகும் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் அதைக் கேட்ட ஒருவர் அறுவையே வேண்டாம் என்று போய்விட்டார். அவருக்கு அது அவசியம் தேவைப்பட்டது.