பழைய டாக்டிக் புது எடிஷனில் ஏன் படுத்துவிடுகிறது

கால்பந்து கிளப்புக்கு மேனேஜராக இருந்து ஆடும் கணினி ஆட்டமான ஃபுட்பால் மேனேஜரின் புது எடிஷன் வந்த முதல் வாரத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இந்தத் தடவை எந்த டாக்டிக் (அணியின் ஆட்டத் திட்டம்) ஓடுது?" யாராவது ஒரு 4-2-3-1 கோப்பைப் பகிர்வார். ஒரு கூட்டமே அதை இறக்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் அதில் பாதிப் பேர், "போன வருஷம் போல இல்லையே" என்று புலம்பிக்கொண்டு திரும்பி வருவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை. பெரிய கொள்கை எல்லாம் இல்லை. அடுத்தவர் செய்த டாக்டிக்கால் ஜெயிக்கும்போது ஏன் ஜெயிக்கிறோம் என்று நமக்குத் தெரியாது. தோற்க ஆரம்பித்ததும் எதைக் கழற்றிப் பார்ப்பது என்றும் தெரியாது.

இந்த ஆட்டத்தில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்க இடமே கிடையாது. எந்த கிளப்பை எடுக்கிறோமோ அதுதான் கஷ்டத்தின் அளவு. ஆனாலும் ஒவ்வொரு எடிஷனும் முந்தையதைவிடக் கடினமாகத் தெரிகிறது. எதிரணி புத்திசாலியாகிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். நாம் இத்தனை நாளாகப் புகுந்து வந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள் என்பது மீதிப் பாதி.

இதே ஆட்டம் முன்பு சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் வந்தது, அதன் 01/02 எடிஷனை ஆடியவர்களுக்கு அந்த ஓட்டைகள் நினைவிருக்கும். அப்போது ஆட்டம் முழுக்க எழுத்து வர்ணனை மட்டும்தான். மேலிருந்து பார்க்கும் 2டி மைதானம் 2003-ல், நான்காம் பாகத்தோடுதான் வந்தது. செர்னோ சாம்பா, டோன்டன் சோலா முக்கோகோ என்று இரண்டு பையன்களை வாங்கிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. (நிஜ மைதானத்தில் இருவருமே அந்த உயரத்தைத் தொடவில்லை. டோ மடெய்ரா என்று இன்னொரு கோல் இயந்திரம் இருந்தது, அப்படி ஒரு ஆளே நிஜத்தில் கிடையாது.) பந்து நம்மிடம் இருக்கும்போது ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும், இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக இழுத்து வைக்கலாம். இதற்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் விப்வாப். எதிரணி யாரும் எட்டிப் பார்க்காத கட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டரை நிறுத்திவிட்டால் போதும், சீசன் முழுக்க கோல் அடிப்பார். 03/04-ல் டியாப்லோ என்ற டாக்டிக் பரவியது. எந்தச் சின்ன அணிக்குப் போட்டாலும் கோல் மழை. அதையெல்லாம் டாக்டிக்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஜாலியாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2005 எடிஷனிலிருந்து பெயர் ஃபுட்பால் மேனேஜர் ஆனது. 2009 எடிஷனில் 3டி மேட்ச், 2010 எடிஷனில் ரோல் (ஆட்டக்காரரின் வேலை), டியூட்டி (அதைத் தாக்கி ஆடுவதா, காத்து ஆடுவதா என்பது) எல்லாம் வந்தன. 2014 எடிஷனில், ஒவ்வொன்றையும் கோடு கோடாக ஏற்றி இறக்கும் ஸ்லைடர்களை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். சுதந்திரம் போச்சு என்று பலர் கொதித்தார்கள். எனக்கு வருத்தமே இல்லை. டெம்போவைப் பதிமூன்றாம் கோட்டில் வைப்பதா பதினாலாம் கோட்டில் வைப்பதா என்று தவிப்பது ரேடியோ ட்யூன் பண்ணுகிற வேலை.

என் ஆட்டத்தை உண்மையில் மாற்றியது 2019 எடிஷன். பந்து நம்மிடம் இருக்கும்போது, கை மாறும் நொடியில், பந்து எதிரணியிடம் இருக்கும்போது என்று மூன்று பகுதிகளாகத் திட்டத்தைப் பிரித்தார்கள். டிஃபென்ஸ் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது வேறு, எந்த இடத்திலிருந்து எதிரணியை நெருக்க ஆரம்பிக்கிறோம் என்பது வேறு என்று ஆனது. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் அன்றிலிருந்து நான் முதலில் பார்க்கும் விஷயம். முன்வரிசை மேலே போய் நெருக்கிக்கொண்டிருக்க, வேகமில்லாத சென்டர் பேக்குகள் பயந்து பின்னால் நின்றால், நடுவில் ஒரு பெரிய மைதானமே காலியாகக் கிடக்கும். எதிரணியின் நம்பர் 10, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவர், அங்கே சாவகாசமாகப் பந்தை வாங்கித் திரும்புவார். ஃபார்மேஷன் படத்தில் இது தெரியவே தெரியாது. 4-2-3-1 என்று அழகாக நிற்கும்.

அதே எடிஷனில் கெகன்பிரஸ், டிக்கி-டாக்கா (குட்டை பாஸ் ஆட்டம்), கேட்டனாச்சோ (காத்து ஆடும் ஆட்டம்) என்று தயார் பாணிகளும் வந்தன. எல்லாரும் கெகன்பிரஸ்ஸைத்தான் எடுத்தார்கள். காரணம் இருக்கிறது, அது அடிமட்ட லீக்கில்கூட ஓடியது. நெருக்கு, பறி, அடி. 2022 எடிஷனில் பிரஸ்ஸிங்கைத் திருத்தியதும் அதற்கு விலை வந்துவிட்டது. தொண்ணூறு நிமிஷமும் ஓயாமல் துரத்தினால் கால் தாங்காது. ஸ்டாமினா 20-க்கு 9 இருக்கிற விங்கரை முழு வேகத்தில் துரத்தச் சொன்னால், எழுபதாவது நிமிஷத்தில் அவருடைய களைப்பைக் காட்டும் இதயக் குறி நிறம் மாறியிருக்கும், அவர் காக்க வேண்டிய பக்கத்திலிருந்துதான் கிராஸ் வரும்.

எடிஷன் மாறுவது ஒரு கஷ்டம் என்றால், ஒரே சேவுக்குள் (சேமித்துச் சேமித்துத் தொடர்ந்து ஆடும் ஆட்டம்) வருவது இன்னொரு கஷ்டம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி.

இங்கிலாந்தின் லீக் டூவில், அதாவது நான்காம் நிலையில், மீடியா கணிப்பில் அடியில் கிடந்த ஒரு கிளப்பை எடுத்தேன். 4-4-2, பந்தைப் பிடித்ததும் நேராக முன்னால் அடிக்கும் எதிர்த்தாக்குதல். எங்களை யாரும் மதிக்கவில்லை. எல்லா அணிகளும் ஏறி வந்தன, அவர்கள் பின்னால் விட்டுவந்த இடத்தில் என் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் ஓடினார்கள். மேல் லீக்குக்கு ஏறுவதற்கான ப்ளே-ஆஃப் வரை போனோம். அடுத்த சீசன் அதே ஆட்கள், அதே டாக்டிக், கோல் மட்டும் வரவில்லை. கிளப்பின் மதிப்பு ஏறிவிட்டது. அதைப் பார்த்து எதிரணி மேனேஜர்கள் 5-4-1 போட்டுத் தங்கள் பெனால்டி பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் 20-க்கு மேல் ஷாட் அடிப்போம், எக்ஸ்ஜி (அந்த ஷாட்களின் தரத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய கோல்) 1-ஐத் தாண்டாது. அவர்கள் ஒரே ஒரு எதிர்த்தாக்குதலில் கோல் போட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லார் கையும் மென்டாலிட்டிக்குத்தான், அதாவது அணி எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்ற அமைப்புக்குத்தான் போகும். பாசிட்டிவ் போதவில்லை, அட்டாக்கிங் வைப்போம், வெரி அட்டாக்கிங் வைப்போம். அங்கேதான் சிக்கல். மென்டாலிட்டியை ஏற்றும்போது தைரியம் மட்டும் ஏறுவதில்லை. டெம்போ ஏறுகிறது, டிஃபென்ஸ் கோடு மேலே போகிறது, ஒவ்வொருவரும் கொஞ்சம் முன்னால் நின்று கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். ஏற்கெனவே எதிரணி மொத்தமும் நிற்கிற பெட்டிக்குள் நம் ஆட்களையும் திணிக்கிறோம். இடம் இல்லாததுதான் பிரச்சினை என்றிருக்க, இருந்த கொஞ்ச இடத்தையும் நாமே நிரப்புகிறோம்.

நான் தலைகீழாகப் போனேன். பேலன்ஸ்டு. நெருக்க ஆரம்பிக்கும் கோட்டைக் கீழே இறக்கி, அவர்களுடைய சென்டர் பேக்குகளைப் பந்தோடு நிம்மதியாக விட்டேன். வைத்துக்கொள்ளுங்கள், நடந்து வாருங்கள். எல்லா அணியும் வந்துவிடாது, பாதி அணிகளாவது வந்தன. இரண்டு ஸ்ட்ரைக்கர்களில் ஒருவரைக் கீழே இறங்கி வந்து பந்து வாங்கும் டீப் லையிங் ஃபார்வர்ட் ஆக்கினேன். அவர் இறங்கினால் ஒரு சென்டர் பேக் கூடவே வருவார், இல்லையென்றால் அவரைச் சும்மா விடுவார், எது நடந்தாலும் எனக்கு லாபம். விங்கர்களைக் கோட்டை ஒட்டி நிற்கச் சொன்னேன், ஐந்து பேர் டிஃபென்ஸ் கொஞ்சமாவது விரியட்டும் என்று.

இன்னொரு ஸ்ட்ரைக்கருக்கு ஜம்பிங் 17, ஃபர்ஸ்ட் டச் 7. அவர் காலுக்குப் பந்தைக் கொடுப்பது எதிரணிக்கே கொடுப்பதற்குச் சமம். ஆனால் பந்தைப் பெட்டிக்குள் கொண்டுபோகச் சொல்லும் கட்டளை இயங்கிக்கொண்டிருந்தது, அது கிராஸைக் குறைக்கும். பொறுமையாக ஆட வேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் போட்டிருக்கும், சரிதான், ஆனால் என்னிடம் இருந்தது பொறுமையாக ஆடத் தெரியாத ஒரு பனைமரம். அந்தக் கட்டளையை எடுத்துவிட்டுக் கிராஸை விட்டேன். கோல் வர ஆரம்பித்தது.

இப்படித்தான் ஒவ்வொரு கட்டளைக்கும் விலை இருக்கிறது என்பது என்னுள் பதிந்தது. 'அதிக டெம்போ' என்றால் வேகமான ஆட்டம் மட்டுமில்லை, நிதானமாக முடிவெடுக்க நேரமும் இல்லை. டிசிஷன்ஸ் 8 இருக்கும் மிட்ஃபீல்டருக்கு அது தண்டனை. 'குட்டை பாஸ்' என்றால் நெருக்கத்தில் அகப்பட்ட சென்டர் பேக் தூக்கி அடித்துத் தப்பிக்கத் தயங்குவார். 'உயர்ந்த கோடு' என்றால் பின்னால் பெட்டியை விட்டு வெளியே ஓடிவரும் கோல்கீப்பர் வேண்டும், சென்டர் பேக்குக்கு வேகமான கால் வேண்டும். தயார் பாணி ஒன்றை எடுத்ததும் ஒரு டஜன் கட்டளைகள் தானாக விழும். என் வழக்கம், அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்து, மூன்றோ நான்கோ மட்டும் திருப்பிப் போடுவது. ஆட்டத்தில் வசதிகள் கூடக்கூட நான் தொடுவது குறைந்துகொண்டே வருகிறது. புது எடிஷனில் எதையாவது திருத்தும்போது, பத்துக் கட்டளைகள் வைத்திருப்பவருக்கு எது உடைந்தது என்று கண்டுபிடிக்கவே பாதி சீசன் போய்விடும்.

மேட்சையும் முன்போல் வேகமாக ஓட்டிவிடுவதில்லை. முதல் கால் மணி நேரத்தை முழுதாகப் பார்ப்பேன், அதில் கோலைத் தேடுவதில்லை. நம் சென்டர் பேக் பந்தோடு தலையைத் தூக்கும்போது எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள், எதிரணியில் யார் தனியாக நிற்கிறார்கள், இந்த இரண்டையும்தான். அப்புறம் அறுபதாவது நிமிஷம். எதிரணி மேனேஜரும் அந்த நேரத்தில்தான் ஆளை மாற்றுவார், ஃபார்மேஷனை மாற்றுவார். ஒரு கோல் முன்னிலையில் இருந்துகொண்டு, அவர் இரண்டாவது ஸ்ட்ரைக்கரை இறக்கியதைக் கவனிக்காமல் விட்டால், எண்பதாவது நிமிஷத்தில் அழ வேண்டியதுதான். கிக்-ஆஃபுக்கு முன்னாலேயே வென்றுவிடுகிற திட்டம் பழைய எடிஷன்களில் இருந்தது. இப்போது கிக்-ஆஃபுக்கு முன் செய்வது பாதி வேலை. (ஹாஃப் டைமில் தண்ணீர் பாட்டிலை வீசுகிற வசதியும் இருக்கிறது. ஆத்திரத்துக்கு நல்லது, மனநிலை தளர்ந்த அணிக்கு நல்லதில்லை.)

2024 எடிஷனில் கார்னர், ஃப்ரீ கிக் எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள், அதற்கென்று தனிப் பயிற்சியாளரும் வந்தார். முன்போஸ்ட்டில் ஒரு உயரமான ஆளை நிறுத்தி சீசனுக்கு ஒரு மூட்டை கோல் அள்ளுகிற பழைய தந்திரத்தை நம்பியிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். நான் கார்னரில் அதிகம் மினக்கெடுவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

அடுத்த எடிஷனான 25 வரவே இல்லை, 2025 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். அந்த நவம்பரில் 26 வந்தது, யூனிட்டி என்ற புது எஞ்சினில் (ஆட்டத்தை இயக்கும் மென்பொருள்). பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொரு ஃபார்மேஷன், ஒவ்வொருவருக்கும் இரண்டு ரோல், பழைய டியூட்டி காலி. விப்வாப் திரும்ப வந்துவிட்டது என்று பழைய ஆட்கள் கொண்டாடினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அன்று ஆளை நினைத்த கட்டத்தில் போட்டுவிட்டு வர்ணனையைப் படித்தோம். இன்று ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அந்த ஆள் ஓடிப்போக வேண்டும், அந்த ஓட்டம் கண்முன்னே தெரிகிறது. பந்தோடு 3-2-5, பந்தில்லாமல் 4-4-2 என்று எழுதுவது சுலபம். லெஃப்ட் பேக் உள்ளே நகர்ந்து மிட்ஃபீல்டில் நிற்கிற நொடியில் பந்து பறிபோனால், அவர் திரும்பிப் போக வேண்டிய தூரம்தான் எதிரணியின் நெடுஞ்சாலை.

ஆகவே இப்போது இரண்டு ஃபார்மேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எவ்வளவு தூரம் இடம் மாறுகிறார்கள் என்று பார்க்கிறேன். இரண்டு பேருக்கு மேல் நீண்ட ஓட்டம் இருந்தால் அந்தத் திட்டம் வேண்டாம். அந்த இரண்டு பேருக்கும் வேகமும் ஸ்டாமினாவும் இருந்தே ஆக வேண்டும், டெக்னிக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இதனால் டிரான்ஸ்ஃபர் தேடலே மாறிவிட்டது. முன்பெல்லாம் லெஃப்ட் பேக் என்றால் கிராஸிங்கைப் பார்ப்பேன், இப்போது வர்க் ரேட்டைப் பார்க்கிறேன். நடப்பு சேவில் ரைட் பக்கம் இன்னும் சரியாகவில்லை. அங்கே இருக்கும் பையன் நன்றாக ஓடுகிறான், ஆனால் பொசிஷனிங் 6. ஓடி வந்து தப்பான இடத்தில் நிற்கிறான். ஜனவரி வரை அவனை மேலே அனுப்பாமல் மூன்றாவது சென்டர் பேக் மாதிரி பின்னாலேயே நிறுத்தி, ஏறிப்போகும் வேலையை விங்கருக்குக் கொடுத்திருக்கிறேன்.