ஓடிய மனதைத் திரும்ப அழைப்பது: தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என் அனுபவம்

ஒரு பக்கத்தைக் கடைசி வரி வரை படித்திருப்போம். என்ன படித்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் எல்லாருக்கும் இது பழகிய வேதனைதான். இன்னும் கூடுதல் நேரம் உட்கார்ந்தால் இது சரியாவதில்லை. என் தயாரிப்புக் காலத்தில் எனக்குக் கைகொடுத்தது, அன்றாடக் காரியங்களை முழுக் கவனத்தோடு செய்யும் பழக்கம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று சொல்கிறார்களே, அதுதான்.

எண்ணமே இல்லாமல் கண்ணை மூடி உட்கார வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை, எண்ணம் வரத்தான் செய்யும். செய்கிற காரியத்தில் கவனத்தை வைக்கிறோம், அது நழுவுகிறது, நழுவியதைக் கண்டுகொள்கிறோம், நம்மைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கூட்டி வருகிறோம். அப்படித் திரும்பி வரும் அந்தக் கணம்தான் பயிற்சி. எத்தனை முறை மனம் ஓடுகிறதோ அத்தனை முறை பயிற்சி நடக்கிறது.

மனம் அலைவதை உங்கள் தனிப்பட்ட குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹார்வர்டு உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் அன்றாட வேலைகளுக்கு நடுவே கைபேசி வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீதத் தருணங்களில் கவனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2013-இல் வெளியானது. மாணவர்கள் இரண்டு வாரம் இந்தப் பயிற்சி எடுத்ததும், அமெரிக்காவில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வின் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் அவர்கள் மதிப்பெண் கூடியது. எளிதில் கவனம் சிதறுகிறவர்களிடம், மனம் அலைவது குறைந்ததே இந்த முன்னேற்றத்துக்கு வழிவிட்டது. ‘எனக்கு உட்கார்ந்தாலே மனம் ஓடுகிறது, இதெல்லாம் சரிப்படாது’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அது பல் துலக்குவது. பிரஷ் ஈறில் படுவது, நுரை சேர்வது, தண்ணீரின் குளிர்ச்சி, இவ்வளவுதான் அந்த நேரத்து வேலை. நடுவே அன்றைய பாடத்திட்டம் தலைக்குள் ஓட ஆரம்பிக்கும். கவனித்துவிட்டு, மறுபடி பிரஷுக்கே வந்துவிடுவேன். குளிப்பது, படி ஏறுவது என்று மெல்ல நீட்டிக்கொள்ளலாம். இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டேன். மனம் ஓடியதைக் கண்டதும் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் ஒரே ஒரு சொல். ‘கட்-ஆஃப்’, ‘ஒப்பீடு’, ‘வீடு’. எழுதியதும் விட்ட வரிக்குத் திரும்புவேன். எனக்கு மிகுந்த பலன் கொடுத்தது இந்தத் தாள்தான். நாள் முடிவில் பார்த்தால், மனம் பத்து விஷயங்களுக்கு ஓடவில்லை என்பது தெரியும். அதே இரண்டு மூன்று கவலைகளுக்குத்தான் மாறி மாறிப் போயிருக்கும். உடன் படிப்பவர் எவ்வளவு முடித்தார் என்ற ஒப்பீடுதான் என் தாளில் அடிக்கடி வந்தது. அந்தச் சொல்லை எழுதும்போது, அது மூளையில் ஓடும் ஓர் எண்ணம் மட்டுமே என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னால் போகவேண்டிய கட்டாயம் குறைந்தது.

கைபேசியை எடுக்கத் துடிக்கும் விரலுக்கும் இதே வழிதான். அந்த உந்துதல் அலை போல எழும், உச்சம் தொடும், தானே வடியும். அடக்க முயலாமல், உடம்பில் எங்கே அது தெரிகிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். பெரும்பாலும் எடுக்கத் தேவையிருக்காது.

தேர்வறையில் வினாத்தாளைப் பார்த்ததும் படபடப்பு வந்தால், இரண்டு பாதங்களும் தரையில் படுவதை உணருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதன் பிறகு முதல் கேள்வியைப் புதிதாகப் படியுங்கள். கணக்குப் போடவும் விடையை யோசிக்கவும் மனதில் வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தைத்தான் திரும்பப் பெறுகிறோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களோடு நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. 8 வாரப் பயிற்சி எடுத்தவர்களிடம் தேர்வுக் காலத்து மன உளைச்சல் குறைவாக இருந்தது.

இது எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டன் பள்ளிகளில் சிறுவர்களுக்கு வகுப்பாகவே நடத்திப் பார்த்த பெரிய ஆய்வு, 2022-இல், குறிப்பிடும்படியான பலன் இல்லை என்றது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வகுப்புக்கு வெளியே பயிற்சி செய்யவில்லை. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி சுற்றியுள்ள ஒலிகளையோ பாதங்களையோ கவனிக்கலாம். தூக்கமே வராமல், பயம் நாள்கணக்கில் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். அது பயிற்சியால் சமாளிக்கிற விஷயமல்ல.

தேர்வுக்குச் சில நாட்களே இருக்கின்றன என்றால், புள்ளி வைக்கும் தாளையும் நீண்ட வெளிமூச்சையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதிரித் தேர்விலேயே, வினாத்தாளைத் திருப்புவதற்கு முன் மூன்று மூச்சு. உண்மையான தேர்வறையில் முதல் முறையாகச் செய்து பார்க்க வேண்டாம்.