பல்ஸ் டிடெக்டரில் ஆழம் கூட்ட: தென்னாப்பிரிக்காவின் டர்பன் மணலில் செய்து பார்த்தது

பல்ஸ் டிடெக்டர் என்பது காயிலில் (கம்பிச் சுருளில்) மின் துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொன்றும் நின்றதும் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தின் சிக்னலைக் கேட்கும் கருவி. அதன் கெயின் குமிழை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, முழுக்கத் திருப்பினால் ஆழம் கூடிவிடாது. காயிலின் அகலத்தைவிடத் தள்ளிக் கிடக்கும் சிறு பொருளின் சிக்னல், தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. ஆழத்தை இரட்டிப்பாக்க 64 மடங்கு சிக்னல் வேண்டும். கெயின் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். காயிலைச் சீக்கிரம் அடங்க வைப்பது, இரைச்சலைக் குறைப்பது: இந்த இரண்டில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் டேம்பிங் ரெசிஸ்டர், அதாவது பல்ஸ் நின்றபின் காயிலில் எஞ்சும் அதிர்வை அடக்கும் மின்தடை. 300 மைக்ரோஹென்றி காயில், கேபிளோடு சேர்ந்து 500 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது என்றால் 470 ஓம் அளவுக்கு டேம்பிங் தேவை. ஆனால் முன்பெருக்கியின் (சிக்னலை முதலில் பெருக்கும் சுற்றின்) 1 கிலோஓம் உள்ளீட்டு ரெசிஸ்டரும் டையோடுகள் வழியே இணையாக நிற்கிறது. அதனால் தனியாகப் போடுவது 890 ஓம் பக்கம் போய்விடும். கணக்கு ஆரம்பத்துக்குத்தான், முடிவு ஆசிலோஸ்கோப்பில் (மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியில்). 470 ஓமோடு 1 கிலோஓம் பல சுற்று ட்ரிம்மரை (திருகி மதிப்பை மாற்றும் மின்தடையை) தொடராகக் கோர்த்து, முன்பெருக்கியின் வெளியீட்டைப் பாருங்கள். மொஸ்ஃபெட் (காயிலுக்குப் பல்ஸ் தரும் மின் சுவிட்ச்) பக்கம் புரோபை வைக்காதீர்கள், அங்கே சில நூறு வோல்ட் எகிறும். ஓம் அதிகமானால் கோடு பூஜ்யத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும்; குறைந்தால் நத்தை மாதிரி இறங்கும். தாண்டாமல் சீக்கிரம் வந்து சேரும் இடத்தில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, ஒரு காலைக் கழற்றி இரண்டும் சேர்ந்த மதிப்பை அளந்து, அதே மதிப்பில் 2 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். கம்பி சுற்றிய வகை வேண்டாம், அதுவே ஒரு காயில். காயில் பக்கத்தில் இரும்பு மேசை இருந்தால் இத்தனை உழைப்பும் வீண்.

அடுத்தது டிலே: பல்ஸ் நின்றதிலிருந்து சிக்னலைக் கேட்கத் தொடங்கும் வரை விடும் இடைவெளி. காய்ந்த மணலில், காயில் அதற்குள் அடங்கினால், 10 மைக்ரோவினாடி. அலை நனைத்த மணலில் உப்புநீரே கத்தும். அங்கே காயிலை 5 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் இடையே ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும் வரை ஒவ்வொரு மைக்ரோவினாடியாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் 12–15க்குள் அடங்கும். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். மெல்லிய தங்கச் சங்கிலியில் பல்ஸ் தூண்டிய சுழல் மின்னோட்டம் அதற்குள் செத்துவிடும்.

பல்ஸ் அகலத்தைக் கூட்டுவது பெரிய, தடித்த உலோகத்துக்கு உதவும். மோதிரத்துக்கு பேட்டரி தீர்வதுதான் மிச்சம். ஒரு வினாடிக்கான பல்ஸ் எண்ணிக்கையை இரட்டித்தால் சராசரியில் இரைச்சல் 1.4 மடங்கு குறையும், ஆழமோ 6 சதவீதம்தான் கூடும். ஆனால் எந்த எண்ணில் நிறுத்துகிறோம் என்பது முக்கியம். கடற்கரைச் சாலை விளக்குகளின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதன் மடங்கான 600க்கோ 650க்கோ அருகில் வைத்தால் த்ரெஷோல்ட் ஒலியை (எப்போதும் மெல்லக் கேட்கும் பின்னணி ஒலியை) மெதுவாக ஏற்றி இறக்கும். 625 பக்கம் நகர்த்துங்கள். ஆட்டம் வேகமாகி வடிகட்டியில் கரைந்துவிடும். பிறகு த்ரெஷோல்டைக் கொசு ரீங்காரம் அளவுக்கு வைத்து, அது நிலையாக நிற்கும் வரை கெயினைக் குறையுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே 5 ராண்ட் நாணயத்தை அளவு நாடாவின் மேல் நகர்த்தி, ஒலி மாறும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குமிழை ஒரே நேரத்தில் தொட்டால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

புயலுக்குப் பின் கரையில் இல்மனைட் (இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது மணல்) கறுப்புப் பட்டையாக ஒதுங்கும். அதன் மேல் காயிலின் உயரம் மாறினால் போலி ஒலி வரும். அங்கே செட்டிங்கைத் தொடாமல், தரையை உரசாத ஒரே உயரத்தில் மெதுவாக வீசுங்கள். 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கப்பல் சிதைவுகள் 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதியில்லாமல் அந்த இடங்களுக்கு டிடெக்டரைக் கொண்டுபோகவே கூடாது.